வீடு தேடிப் போகும் நர்ஸ்களுக்கு வாய்ப் பராமரிப்புப் பயிற்சி: அரை நாளில் எதைச் சொல்லித் தருவது?

கேள்வி கேட்டவர்: விசிட்பை

எல்லோருக்கும் வணக்கம். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் குழு ஒன்றுக்கு நான் பொறுப்பு. படுக்கையோடு இருப்பவர்கள், பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்தவர்கள், மறதிநோய்க்காரர்கள், சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர்கள், இவர்கள்தான் எங்கள் நோயாளிகள். குழுவில் பாதிப் பேர் நர்ஸ்கள், பாதிப் பேர் உதவியாளர்கள். எல்லோருக்கும் வாய்ப் பராமரிப்பு பற்றி அரை நாள் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகி, அந்த வேலை என் தலையில் விழுந்திருக்கிறது.

இதே தலைப்பில் முன்பும் ஒரு பயிற்சி நடந்தது. பல் டாக்டர் ஒருவர் வந்தார், தங்கமான மனிதர். எனாமல், டென்டின், பல்கூழ் என்று வரிசையாகப் படம் காட்டினார். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள், வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்குப் பிறகும் யாரும் எந்த நோயாளியின் வாயையும் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்போது இது சூடாகக் காரணம் ஒரு நோயாளி. ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டவர். டிஸ்சார்ஜ் தாளில் மருந்து, கட்டு, சிறுநீர்க் குழாய் எல்லாம் இருந்தன. மேல் வரிசைக்குப் பல்செட் போட்டிருக்கிறார் என்பது மட்டும் எங்கும் இல்லை. சாப்பாட்டைத் தள்ளித் தள்ளி விடுகிறார் என்று எங்கள் உதவியாளர் ஒருத்தி சந்தேகப்பட்டுக் கழற்றிப் பார்த்தபோது, பல்செட் உட்கார்ந்திருந்த இடம் முழுக்க, கோடு போட்டது போல அதே அளவுக்கு அண்ணம் சிவந்து கிடந்தது. அவள் பார்த்ததால் தெரிந்தது. குழுவில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

என் குழப்பம் இதுதான். அரை நாளில் எதை வைப்பது, எதை விடுவது? “இது பல் டாக்டர் வேலை, நமக்கு எதற்கு” என்பவர்களிடம் என்ன சொல்வது? வாயை இறுக்கி மூடிக்கொள்ளும் நோயாளியை எப்படிக் கையாள்வது? புரையேறிவிடுமோ என்று பயந்தே பலர் வாய்ப் பக்கம் போவதில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: டார்ச்லைட்

முதலில் அந்தப் பல் படத்தை எடுத்துவிடுங்கள். பல்லுக்கு எத்தனை அடுக்கு என்று தெரிந்த நர்ஸுக்கும் தெரியாத நர்ஸுக்கும் நோயாளியின் படுக்கை அருகில் ஒரு வித்தியாசமும் இல்லை.

நானும் வீட்டு விசிட் நர்ஸாக இருந்து பயிற்சி கொடுக்கும் பக்கம் வந்தவள்தான். உங்கள் பழைய பயிற்சிக்கு நடந்தது உங்களுக்கு மட்டும் நடந்ததல்ல. முதியோர் இல்ல ஊழியர்களுக்குக் கொடுத்த வாய்ச் சுகாதாரக் கல்வியால் பயன் உண்டா என்று 2016-ல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 9 ஆய்வுகளைச் சேர்த்து அலசியது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் அந்த ஆய்வுகளில் இருந்தார்கள். முதியவர்களின் வாய் சொல்லிக்கொள்ளும்படி மேம்பட்டதாக உறுதியாகக் காட்ட முடியவில்லை. அதனால் பயிற்சியே வீண் என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. உட்கார வைத்துப் பேசி அனுப்பினால் போதும் என்ற நினைப்புத்தான் வீண்.

நான் செய்வது இதுதான். வந்ததும் எல்லோரையும் ஜோடி சேர்த்துவிடுவேன். ஆளுக்கொரு புதுப் பிரஷ், சிறிய தலை, மென்மையான நார். பேஸ்ட், கையுறை, டார்ச், துப்புவதற்குக் கிட்னி தட்டு, ஒரு துண்டு. ஒருவர் நோயாளி, ஒருவர் நர்ஸ். நோயாளியாக இருப்பவர் கையைத் தூக்கினால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்பது மட்டும் விதி. வேறு எதுவும் சொல்லித் தர மாட்டேன், “துலக்கி விடுங்கள்” என்பேன்.

பத்தில் எட்டுப் பேர் நோயாளிக்கு எதிரே நேராக நின்றுகொண்டு, அவர் தலையைப் பின்னால் சாய்த்து, மேலிருந்து பிரஷை விடுவார்கள். நுரை நேராகத் தொண்டைக்குப் போகும். நாற்காலியில் இருப்பவர் கண் பிதுங்கும், கை தானாக எழும். சிலர் உதட்டை மூடிக்கொள்வார்கள், அதுவும் நல்லது. சிரிப்பு அடங்கியதும் கேட்பேன்: உங்களுக்கு நல்ல விழுங்கும் சக்தி இருக்கிறது, கை தூக்கத் தெரிகிறது. இரண்டும் இல்லாதவருக்கு என்ன ஆகும்? புரையேறுவதைப் பற்றி அதற்கு மேல் பாடம் நடத்த வேண்டிய அவசியம் எனக்கு வந்ததில்லை.

அப்புறம் இரண்டாம் சுற்று. இந்த முறை பக்கவாட்டில் அல்லது சற்றுப் பின்னால் நின்று, தாடையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, நோயாளியின் தலை நேராகவோ முகவாய் சற்றுத் தாழ்ந்தோ இருக்க வேண்டும். எழுந்து உட்கார முடியாதவரானால் தலைப்பக்கம் உயர்த்துவது, அதுவும் முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைப்பது. பக்கவாதக்காரர் என்றால் எந்தப் பக்கம் உணர்ச்சி குறைவோ அந்தக் கன்னத்துக்குள் சாப்பாடு தங்கியிருக்கும். அவருக்கே தெரியாது. அங்கே விரலை விடாமல் பிரஷின் தலையால் தடவி எடுக்க வேண்டும். பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு, விழுங்கச் சிரமப்படுபவருக்கு வெறும் பூச்சளவு, முடிந்தால் நுரைக்காத வகை. பல்லும் ஈறும் சேரும் கோட்டில் நாரைச் சாய்வாக வைத்துச் சின்னச் சின்ன அசைவு. முதல் சுற்றில் யாருமே அந்தக் கோட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள், பல்லின் நடுப் பகுதியை மட்டும் பளபளப்பாக்கியிருப்பார்கள்.

துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது, அதனால் நிறுத்திவிட்டோம் என்று ஒருவராவது சொல்வார். ஈறு வீங்கி ரத்தம் வருவதே பெரும்பாலும் அங்கே அழுக்குப் படிந்திருப்பதால்தான். 1965-ல் டென்மார்க்கில் லோ என்பவரும் உடன் சேர்ந்தவர்களும் ஆரோக்கியமான ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பார்த்தார்கள். இரண்டு மூன்று வாரத்துக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி துலக்க ஆரம்பித்ததும் ஒரு வாரம் போல ஆனதில் பழையபடி ஆனது. இதைக் கதை மாதிரி சொல்லுங்கள், ஒருவரும் மறக்க மாட்டார்கள். ரத்தம் வரும் இடத்தை மென்மையாக, ஆனால் விடாமல் துலக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே ஊறும் ரத்தம், நிற்காத ரத்தம், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குப் புதிதாக வரும் ரத்தம், இவை வேறு கதை. போனை எடுக்க வேண்டியதுதான்.

அடுத்தது பார்க்கப் பழக்குவது. ஓஹாட் என்ற மதிப்பீட்டு அட்டை இருக்கிறது, சால்மர்ஸும் கூட்டாளிகளும் 2005-ல் வெளியிட்டது, பல் மருத்துவர் அல்லாதவர்களுக்காகவே செய்தது. உதடு, நாக்கு, ஈறும் வாயின் உள்சதையும், உமிழ்நீர், சொந்தப் பல், பல்செட், வாய்ச் சுத்தம், பல்வலி என்று எட்டு வரி. ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2. கூட்டினால் 16 வரை போகும். கூட்டுத்தொகையில் ரொம்ப மெனக்கெடாதீர்கள். மொத்தம் 3 தான் என்று நிம்மதியாக இருப்பார்கள், அதில் 2 வந்தது வலி வரியில் இருக்கும். எந்த வரியில் 2 விழுந்தது, போன முறை அங்கே என்ன இருந்தது, இந்த இரண்டையும் பார்த்தால் போதும். பழகிவிட்டால் மொத்தமே சில நிமிட வேலை.

உமிழ்நீர் வரியில்தான் எல்லோரும் திணறுவார்கள். எளிய வழி: கையுறை விரலை அல்லது நாக்கை அழுத்தும் குச்சியை உள்கன்னத்தில் வைத்து எடுங்கள். வழுக்கி வந்தால் சரி. ஒட்டி, சதையையும் கூட இழுத்தால் வாய் காய்ந்திருக்கிறது. நாக்குக்கு அடியில் எச்சில் தேங்காமல் நுரையாகவோ நூல் நூலாகவோ இருந்தாலும் அதேதான்.

வலி வரிக்குப் பேச முடியாதவர்களை மனதில் வைத்துப் பயிற்சி கொடுங்கள். கரண்டி வந்ததும் முகத்தைத் திருப்புவது, ஒரே பக்கம் மெல்லுவது, கன்னத்தைத் தேய்ப்பது, குளிர்ந்த தண்ணீருக்கு முகம் சுளிப்பது, திடீரென்று அடிக்க வருவது. மறதிநோய் முற்றிவிட்டது என்று எழுதப்பட்ட எத்தனையோ பேருக்கு உள்ளே ஒரு சொத்தைப் பல் சீழ் கட்டிக்கொண்டிருக்கும்.

பல்செட்டுக்கு நிஜப் பல்செட்டையே கொண்டுவாருங்கள். பல் டாக்டரிடம் கேட்டால் பழைய செட்டு கிடைக்கும். மேல் செட்டு அண்ணத்தில் உறிஞ்சிப் பிடித்திருக்கும், அப்படியே இழுத்தால் வராது. முன்பல் பக்கம் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போட்டுப் பிடித்து, லேசாக ஆட்டி, ஓரத்தில் காற்று புக விட்டால் கழன்றுவிடும். கம்பி மாட்டிய பாதிச் செட்டை ஒரு கம்பியைப் பிடித்து மட்டும் இழுக்கவே கூடாது. கழுவும்போது பேசினில் பாதி தண்ணீர் விட்டு, அடியில் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். கை நழுவினால் உடையாது. சாதாரண சோப்பும் தனிப் பிரஷும் போதும். பல் பேஸ்ட் அதைக் கீறிவிடும், கீறலில் பூஞ்சை குடியேறும். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போட வேண்டும். ஊறப் போடும் மாத்திரையை மறதிநோய்க்காரர் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள், வாயில் போட்டுக்கொண்டுவிடுவார். செட்டில் பெயர் எழுதி வைப்பது பெரிய உபகாரம்.

உங்கள் நோயாளிக்கு இருந்தது இரவும் பகலும் செட்டைக் கழற்றாதவர்களுக்கு வரும் சிவப்புதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் வலிக்காது, அதனால் யாரும் தேடிப் பார்ப்பதில்லை. உங்கள் உதவியாளருக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பயிற்சியில் அவளையே பேசச் சொல்லுங்கள், பல் டாக்டர் வேலை என்பவர்களுக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது.

வாயைத் திறக்க மறுப்பவர் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போது ஒரு வீட்டுக்குக் கிளம்ப வேண்டும்.


பதில் 2: ஈறுமுனை

டார்ச்லைட் அக்கா சொன்ன எல்லாவற்றுக்கும் கையெழுத்து. நான் பல் சுகாதாரப் பணியாளர், நர்ஸ்களோடு சேர்ந்து வேலை செய்கிறவள். மருந்து விஷயத்தில் மட்டும் சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மருந்துச் சீட்டைப் பார்ப்பவர்கள் நீங்கள்தான், நாங்கள் அல்ல.

வாய் காய்வதற்கு வயதைக் குறை சொல்வதை நிறுத்துங்கள், முதலில் மாத்திரைகளைப் பாருங்கள். சிறுநீர்ப் பைக்குக் கொடுக்கும் ஆக்சிபியூட்டினின், மனச்சோர்வுக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், அலர்ஜி மாத்திரை, நீர் பிரிய வைக்கும் மாத்திரை, எல்லாம் வாயை உலர்த்தும். நல்ல வாயில் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கும். அது வற்றினால் சொத்தை வேர்ப்பக்கம் வேகமாக ஏறும், பல்செட் நிற்காது, பூஞ்சை பிடிக்கும். மாத்திரையை நாம் நிறுத்த முடியாது, ஆனால் “இத்தனை மாத்திரையும் வேண்டுமா” என்று டாக்டரிடம் கேட்கும் போன் நம்முடையது.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் அடிப்பவர் அடித்த பிறகு வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டுவிட்டு, அதனால் வரும் பூஞ்சையின் வெள்ளைப் படலத்துக்கு மருந்து எழுதிக்கொண்டே இருப்பதைப் பார்க்கிறேன்.

பூஞ்சைக்கு இரண்டு எச்சரிக்கை. மைக்கோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஜெல் வாயில் பூசுவதுதானே என்று அலட்சியமாக இருக்காதீர்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவருக்கு அது ரத்தக் கசிவு வரை கொண்டுபோகும். வார்ஃபரின் சீட்டில் இருந்தால் மருந்து எழுதியவரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் டியூபைத் திறக்க வேண்டும். இரண்டாவது, நிஸ்டாட்டின் என்ற பூஞ்சை மருந்துச் சொட்டு விடும்போது பல்செட்டைக் கழற்றிவிட வேண்டும், கிருமி கொல்லும் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பும் அதுவும் ஒரே நேரத்தில் கூடாது. ஒன்று மற்றொன்றைச் செயலிழக்க வைக்கும். குளோர்ஹெக்சிடினுக்கும் பேஸ்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும், பேஸ்டின் நுரைப்பொருள் அதன் வேலையைக் கெடுக்கும்.

எலும்புத் தேய்மானத்துக்கு அலெண்ட்ரோனேட், புற்றுநோய்க்குச் சோலெட்ரோனிக் அமில ஊசி, டெனோசுமாப் ஊசி போடுகிறவர் ஆடும் பல்லைக் காட்டினால், “பிடுங்கிவிட்டால் சரியாகிவிடும்” என்று நர்ஸ் சொல்லிவிடக் கூடாது. பிடுங்கிய இடம் ஆறாமல் தாடை எலும்பு வெளியே தெரியும் நிலை வரலாம். 2003 முதல் இது மருத்துவ இதழ்களில் பதிவாகி வருகிறது. பல் டாக்டருக்கு அனுப்பும் கடிதத்தில் இந்த மருந்தின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். வலிப்புக்கு ஃபெனிட்டாய்ன், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், எதிர்ப்புச் சக்தியை அடக்கச் சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவருக்கு ஈறு வளர்ந்து பல்லை மூடினால் அதற்கும் மருந்தே காரணமாக இருக்கலாம்.

பெரியவர்களுக்குப் பேஸ்டில் ஃபுளோரைடு 1,350 முதல் 1,500 பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) இருக்கிறதா என்று டியூபைத் திருப்பிப் பாருங்கள். துலக்கியதும் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃபுளோரைடு போய்விடும். வாய் காய்ந்து சொத்தை ஓடும் ஆட்களுக்கு 5,000 பிபிஎம் பேஸ்ட் பல் டாக்டர் எழுதித் தரலாம். கேளுங்கள்.

அப்புறம் ஒரு எதிர்வாதம். வாயைச் சுத்தமாக வைத்தால் நியூமோனியா குறையும் என்பதை மட்டும் பயிற்சியின் முதுகெலும்பாக வைக்காதீர்கள். 2002-ல் வந்த ஜப்பானிய ஆய்வை எல்லோரும் காட்டுவார்கள். 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் பார்த்ததில், ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் துலக்கி விடப்பட்டவர்களில் 11 சதவீதம் பேருக்கு நியூமோனியா, அப்படிக் கவனிக்கப்படாதவர்களில் 19 சதவீதம். நல்ல ஆய்வுதான். ஆனால் 2015-ல் அமெரிக்காவின் கனெடிகட்டில் 36 இல்லங்களில் துலக்குதல், குளோர்ஹெக்சிடின், நிமிர்த்தி ஊட்டுதல் மூன்றையும் சேர்த்துச் செய்து பார்த்தார்கள், நியூமோனியா குறையவில்லை, ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். வலி இல்லாமல் சாப்பிட முடிகிறது, வாய் நாறாமல் பேரப்பிள்ளை பக்கத்தில் வருகிறது என்பதே போதுமான காரணம் இல்லையா?

மூன்று வாரத்தில் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரணம் தெரியாத கட்டி, இவற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், அனுப்பிவிடுங்கள். புகையிலைப் பழக்கம் உள்ளவர் என்றால் இன்னும் சீக்கிரம்.


பதில் 3: பாதிநேரம்

எல்லாம் சரி. எனக்கு ஒரு வீட்டுக்குக் கிடைப்பது இருபது நிமிடம். அதில் கட்டு மாற்றி, பிரஷர் பார்த்து, இன்சுலின் சரிபார்த்து, வீட்டாரின் சண்டையைக் கேட்டு, எழுதிவிட்டு ஓட வேண்டும். இதில் பல்லும் துலக்கி விடு என்றால் எங்கே போவது? பயிற்சி கொடுப்பவர்கள் யாரும் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. “இரண்டு நிமிடம்தான்” என்பார்கள். கால் புண்ணுக்கும் இரண்டு நிமிடம்தான், நடைப் பயிற்சிக்கும் இரண்டு நிமிடம்தான், எல்லாம் சேர்ந்தால் ஒரு ஷிஃப்ட்.


பதில் 4: டார்ச்லைட்

பாதிநேரம், உங்கள் கோபம் நியாயம். வாரம் இரண்டு முறை போகும் நர்ஸ் துலக்கி விட்டு ஒரு பயனும் இல்லை, மீதி நாட்களில் என்ன ஆகும்? துலக்க வேண்டியவர் கூடவே இருப்பவர். உங்கள் வேலை பார்ப்பதும், அவருக்குக் காட்டித் தருவதும், மாறினால் சொல்லி அனுப்புவதும். அதனால்தான் பயிற்சியின் கடைசி ஒரு மணி நேரத்தை “வீட்டாருக்கு எப்படிச் சொல்லித் தருவது” என்பதற்கே ஒதுக்குகிறேன். மகளின் கையில் பிரஷைக் கொடுத்து, அவள் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒருமுறைதான் நேரம் எடுக்கும். பிறகு நீங்கள் போகும்போது டார்ச் அடித்துப் பார்த்தால் அவள் செய்தாளா இல்லையா என்று ஈறே சொல்லிவிடும்.

விசிட்பை, உங்களுக்கு இதில் ஒரு வேலை உண்டு. விசிட் ஷீட்டில் வாய்க்கு ஒரு வரி இல்லாவிட்டால் என்ன பயிற்சி கொடுத்தாலும் கரைந்துவிடும். நர்ஸ்கள் ஷீட்டில் இருப்பதைச் செய்வார்கள், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் விசிட்டில் எட்டு வரி அட்டை, பிறகு மாதம் ஒருமுறை, நடுவில் சாப்பாடு குறைந்தால் உடனே. “பல்செட் உண்டா, ராத்திரி கழற்றுகிறாரா” என்ற ஒரு கேள்வியை மட்டுமாவது சேருங்கள்.

இப்போது மறுப்பவர்கள். முதல் கேள்வி, ஏன் மறுக்கிறார்? வலியா, பயமா, நாம் யாரென்றே தெரியவில்லையா? மறதிநோய்க்காரருக்கு முன்பின் தெரியாத ஆள் மேலே குனிந்து வாய்க்குள் எதையோ திணிக்க வருகிறாள். நானாக இருந்தாலும் கடிப்பேன். கண் மட்டத்துக்கு உட்காருங்கள். பெயர் சொல்லுங்கள். “அச்சச்சோ, வாயைத் திற கண்ணு” என்று குழந்தையிடம் பேசுவது போலப் பேசாதீர்கள், பல பேருக்கு அதுவே எரிச்சலைக் கிளப்பிவிடும். பிரஷை அவர் கையில் கொடுத்து, உங்கள் கையை அதன் மேல் வைத்துச் சேர்ந்து அசையுங்கள். நீங்கள் தொடங்கி வைத்தால் சில சமயம் பழைய பழக்கம் எழுந்து அவரே தொடர்ந்துவிடுவார். எதிரே நின்று நீங்களும் துலக்கிக் காட்டலாம். கண்ணாடி சிலருக்கு உதவும், சிலர் அதில் தெரியும் ஆளைப் பார்த்துப் பயப்படுவார்கள், தெரிந்துகொண்டு எடுங்கள். வேறு கையில் ஒரு துணியோ இன்னொரு பிரஷோ பிடித்துக்கொள்ளக் கொடுத்தால் உங்கள் கையைத் தட்டிவிடுவது குறையும். காலையில் முடியாவிட்டால் சாயங்காலம். முன்பல் மட்டும் முடிந்தாலும் இன்றைக்கு அது போதும், நாளைக்குப் பின்பல். ஆளை அழுத்திப் பிடித்துத் துலக்குவது பராமரிப்பு ஆகாது, அதை என் பயிற்சியில் ஒரு தயக்கமும் இல்லாமல் சொல்லிவிடுவேன்.


பதில் 5: விசிட்பை

அக்கா, ஈறுமுனை, பாதிநேரம், மூவருக்கும் நன்றி. ஜோடியாகத் துலக்கும் பயிற்சியைக் கண்டிப்பாக வைக்கிறேன். வார்ஃபரின் விஷயத்தை இன்றே குழுவில் போட்டுவிட்டேன், மூன்று பேர் உடனே மருந்துச் சீட்டைத் தேடப் போனார்கள்.

இன்னும் இரண்டு சந்தேகம். மூக்குக் குழாயில் உணவு போகிறவர்களுக்கு வாயில் எதுவுமே போவதில்லையே, அவர்களுக்கும் தினமும் துலக்க வேண்டுமா? எங்கள் ஆட்கள் எலுமிச்சை கிளிசரின் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு வருகிறார்கள். இரண்டாவது, பிரஷைக் கடித்துப் பிடித்துக்கொள்பவர்கள். ஒரு பெண்ணுக்கு விரலில் கடிபட்டு, அதிலிருந்து அவள் வாய்ப் பக்கமே போவதில்லை.


பதில் 6: டார்ச்லைட்

குழாயில் போகிறவர்களுக்குத்தான் முதலில் வேண்டும். மெல்லுவதில்லை, அதனால் உமிழ்நீர் சுரப்பது குறைவு, நாக்கும் கன்னமும் பல்லைத் துடைப்பதில்லை. படிவு தானாகச் சேரும். 1998-ல் லாங்மோர் குழுவினர் புரையேறி வரும் நியூமோனியா யாருக்கு வருகிறது என்று பார்த்தபோது, தானாகச் சாப்பிட முடியாதவர், தானாக வாய் துலக்க முடியாதவர், சொத்தைப் பல் அதிகம் உள்ளவர், குழாயில் உணவு போகிறவர் எல்லாம் பட்டியலில் இருந்தார்கள். விழுங்கச் சிரமம் மட்டுமே அதற்குப் போதவில்லை. ஈறுமுனை சொன்ன எச்சரிக்கை சரிதான், எல்லா நியூமோனியாவையும் பிரஷ் தடுக்காது. ஆனாலும் விழுங்கப் போகிற எச்சில் சுத்தமாக இருப்பதில் யாருக்கு நஷ்டம்?

எலுமிச்சை கிளிசரின் குச்சியை விட்டுவிடுங்கள். அமிலம் பல்லை அரிக்கும், கிளிசரின் இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சும், அப்போதைக்கு ஈரமாகத் தெரியும் அவ்வளவுதான். பஞ்சுத் தலை வைத்த குச்சி கழன்று வாய்க்குள் விழுந்த சம்பவங்களால் சில நாடுகளில் அரசுத் தரப்பிலிருந்தே எச்சரிக்கை வந்திருக்கிறது. கடிக்கும் ஆளுக்கு அது இன்னும் ஆபத்து. சிறிய தலை பிரஷ்தான் நல்லது, தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, பூச்சளவு பேஸ்ட். நுரையையும் எச்சிலையும் காஸ் துணியால் ஒற்றி எடுங்கள், உறிஞ்சும் கருவி வீட்டில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

அண்ணத்தில் பழைய சளி காய்ந்து பொருக்காக ஒட்டியிருக்கும். குழாய் ஆட்களிடம் இதைத் தேடிப் பாருங்கள், நாக்கை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். காய்ந்தபடி உரித்தால் ரத்தம் வரும். வாயை ஈரப்படுத்தும் ஜெல்லையோ தண்ணீரையோ தடவி, சில நிமிடம் ஊற விட்டு, மென்மையாக நெகிழ்ந்த பிறகு பின்னாலிருந்து முன்னால் எடுங்கள். தொண்டைப் பக்கம் தள்ளக் கூடாது. ஜெல்லை மறுபடி பூசும் முன் பழைய ஜெல்லைத் துடைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அடுக்கடுக்காகப் பொருக்காகிவிடும்.

கடி விஷயம். பற்களுக்கு நடுவே விரல் எந்தக் காரணத்துக்கும் போகக் கூடாது, எத்தனை வருடம் தெரிந்த நோயாளியானாலும். விரல் போக வேண்டிய இடம் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம். அங்கே விட்டுக் கன்னத்தை வெளிப் பக்கம் இழுத்தால் பல்லின் வெளிப்பக்கம் முழுக்க வாய் மூடியபடியே துலக்கிவிடலாம். அதுவே பெரிய பாதி. பிரஷைக் கடித்துப் பிடித்துவிட்டால் இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க இறுகும். கையைத் தளர்த்திக் காத்திருந்து, தாடை மூட்டின் பக்கம் கன்னத்தை வெளியிலிருந்து மெல்லத் தேய்த்துவிடுங்கள், தானாக விடுவார். சில பேருக்கு இரண்டு பிரஷ் எடுத்துப் போவேன், ஒன்று கடிக்க, ஒன்று துலக்க.

கடிபட்ட பெண்ணைப் பயிற்சி அறையில் வைத்துத் தைரியம் சொல்லி அனுப்பாதீர்கள். அவள் போகும் வீட்டுக்கு ஒருமுறை நீங்களோ, வாயைப் பார்த்த அந்த உதவியாளரோ கூடப் போங்கள். முதல் நாள் அவள் டார்ச் மட்டும் பிடிக்கட்டும். பயிற்சி முடிந்து ஒரு மாதத்துக்குள் ஒவ்வொருவரோடும் ஒரு வீட்டுக்காவது யாராவது கூடப் போகிறார்களா என்பதை இப்போதே அட்டவணையில் எழுதி வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் ஆள் இல்லை என்பார்கள்.


பதில் 7: விசிட்பை

கூடப் போகும் அட்டவணையைக் கேட்டுவிட்டேன், முதல் இரண்டு வாரத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், மீதிக்கு இழுபறி. விசிட் ஷீட்டை மாற்ற நேரமாகும் என்கிறார்கள். அதுவரை எட்டு வரி அட்டையைத் தனித் தாளாக அடித்து விசிட் பைக்குள் வைக்கச் சொல்லிவிட்டேன். ஈறுமுனை, பழைய பல்செட் கிடைக்க யாரை எப்படிக் கேட்பது என்று தனிச் செய்தியில் சொல்கிறீர்களா?


பதில் 8: ஈறுமுனை

அனுப்பிவிட்டேன். மேல் செட்டு ஒன்று, கீழ் செட்டு ஒன்று, கம்பி மாட்டிய பாதிச் செட்டு ஒன்று, மூன்று வகையும் கேளுங்கள். கீழ் செட்டைக் கழற்றத் தெரியாதவர்கள்தான் அதிகம். வாங்கியதும் கிருமிநாசினியில் ஊற வைத்துவிட்டுத்தான் பயிற்சிக்குக் கொண்டுபோக வேண்டும்.